நாலாவது தட்டு

டெக்ஸாஸ் போலீஸின் ரிப்போர்ட்டில் என் ஆயுதத்தைப் பற்றி இப்படி எழுதியிருக்கிறார்கள்: உருளை வடிவ மரக்கட்டை, நீளம் பதினான்கு அங்குலம், சமையலறைப் பொருள். அது பூரிக்கட்டை. பிளானோவில் ஒரு இந்திய மளிகைக் கடையில் வாங்கிப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, விலைச்சீட்டைக்கூடப் பிரிக்கவில்லை. அதை வைத்து ஒரு வெள்ளைக்காரனின் வலது மணிக்கட்டையும் மூக்கையும் உடைத்தேன். மத்தியானம் மூன்று மணி இருக்கும், நல்ல வெயில். என் பெயர் அபயாம்பாள். வயது ஐம்பத்தாறு. மில்பிடாஸில் ஒரு ஹார்ட் டிஸ்க் கம்பெனியில் இருபத்தேழு வருஷமாக வேலை. உடைந்து திரும்பி வருகிற சாமான் ஏன் உடைந்தது என்று கண்டுபிடித்துச் சொல்வதுதான் என் வேலை.

செய்ததற்கு வருத்தப்படுகிறீர்களா என்று ஜட்ஜ் கேட்டார். வக்கீல் சொல்லிக்கொடுத்தபடி ஆமாம் என்றேன். அது பச்சைப் பொய். அவனை அடித்ததற்கு எனக்கு இன்றுவரை வருத்தம் கிடையாது. என் வருத்தம் வேறு இடத்தில் இருக்கிறது, அதை எந்த ஜட்ஜும் கேட்கவில்லை.

மார்கேட் லாண்ட்ரி என்பது துணி வெளுக்கிற கடை இல்லை, பாட்டுக் குழு. இங்கிலாந்தில் மார்கேட் என்று ஒரு கடற்கரை ஊர். அங்கே காசு போட்டால் ஓடுகிற வாஷிங் மெஷின்கள் வரிசையாக நிற்கும் கடையின் பின்னறையில் நாலு பேர் ரிகர்சல் செய்தார்கள், அதனால் அந்தப் பெயர். பாட்டும் கிதாரும் கேலம். டிரம்ஸ் ரோரி. கீபோர்டு ஹெட்டி என்ற பெண். பேஸ் கிதார் என் ஒரே மகள் அஞ்சனா. இந்த மாதிரி இசையை இண்டி பாப் என்பார்கள். கிதார் அலறாது, சின்ன மணி மாதிரி கிணுகிணுக்கும். குரல் காதோரம் ரகசியம் பேசும். மழை, பஸ் ஸ்டாப், ஆறிப்போன டீ, சட்டையிலிருந்து கழன்று விழுந்த பட்டன், இவ்வளவுதான் பாட்டின் விஷயம். நாலு பேரும் கையால் பின்னிய ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, ஈ எறும்புக்குத் துரோகம் நினைக்காத முகத்தோடு மேடையில் நிற்பார்கள். இங்கிலாந்தின் மிகச் சாதுவான சத்தம் என்று ஒரு பத்திரிகை எழுதியது. அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியவள் நான்தான்.

முதலில் அப்படி இல்லை. பொருளாதாரம் படிக்க இங்கிலாந்துக்கு அனுப்பின பெண் இரண்டாம் வருஷமே படிப்பை விட்டுவிட்டு வாஷிங் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து பேஸ் வாசிக்கிறாள் என்று தெரிந்ததும் ஆடித் தீர்த்துவிட்டேன். மூன்று மாதம் போனில் பேசவில்லை. அப்புறம் 2015-ல் அவர்களுடைய முதல் ஆல்பம் வந்தது. அதில் 'ஸ்பேர் பட்டன்' என்ற பாட்டு ஒரு பிஸ்கட் விளம்பரத்தில் வர, ஊரெல்லாம் அதையே முணுமுணுக்க ஆரம்பித்தது. எங்கள் ஆபீஸ் கேன்டீனில் கேட்டது. பல் டாக்டரின் வெயிட்டிங் ரூமில் கேட்டது. நான் ஒரே வாரத்தில் கட்சி மாறிவிட்டேன். பெருமை பிடிபடவில்லை.

அந்தப் பாட்டு பிரபலமானதற்குக் காரணம் ஒரு கைதட்டல். நடுவில் எல்லாம் அடங்கிவிடும். பேஸ் மட்டும் தனியாக நடக்கும். அதன்மேல் தட், தட், தட் என்று சீராக மூன்று தட்டு விழும். நாலாவது தட்டு வரவேண்டிய இடத்துக்கு அரை இடம் முன்னாலேயே, பளீரென்று விழும். உடனே கேலம் ரகசியக் குரலில் பாட ஆரம்பிப்பான். கச்சேரிகளில் ஆயிரம் பேர் அந்த நாலாவது தட்டுக்காகவே கையைத் தூக்கிக்கொண்டு காத்திருப்பார்கள்.

அந்த வருஷம் நவராத்திரிக்கு எங்கள் வீட்டுக் கொலுவுக்கு வந்த இருபது பேரையும் நிற்கவைத்து, அந்தப் பாட்டைப் போட்டு, எங்கே தட்டவேண்டும் என்று நானே சொல்லிக்கொடுத்தேன். பட்டுப்புடவை சரசரக்க எல்லோரும் தட்டினார்கள். ஒருத்திக்கும் நாலாவது சரியாக வரவில்லை. ஒரே சிரிப்பு. மறுநாள் அஞ்சனாவைப் போனில் பிடித்தேன்.

"என்னடி அது, நாலாவது தட்டு முன்னாடியே விழுது? தாளம் சுத்தமா தப்பு. பன்னெண்டு வருஷம் சொல்லிக்குடுத்திருக்கேன், எனக்குத்தான் மானம் போகுது."

"இட்ஸ் எ ஃபீல், அம்மா," என்றாள். அப்புறம் பத்து நாள் போன் எடுக்கவில்லை. கிண்டல் செய்தால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டு வருஷம் என்றேன் இல்லையா, அதையும் சொல்லிவிடுகிறேன். நான் மாயவரத்தில் ஒழுங்காகப் பாட்டு கற்றவள். ராகம் கொஞ்சம் முன்னே பின்னே போனால் மன்னிப்பேன், தாளம் தப்பினால் எனக்கு மண்டைக்குள் ஏறிவிடும். அஞ்சனாவுக்கு ஐந்து வயதிலிருந்து தினமும் காலையில் ஸ்கூலுக்கு முன்னால் ஒரு மணி நேரம், குடும்ப அறைக் கார்ப்பெட்டில் எதிரெதிரே சம்மணம் போட்டு உட்காருவோம். அவள் தொடையில் ஆதி தாளம் போட்டுக்கொண்டே பாட வேண்டும். ஒரு தட்டு, சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல், அப்புறம் தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. என் கையில் மரக் கரண்டி இருக்கும். தப்பினால் இடது தொடையில் ஒன்று விழும். என் சட்டம் ஒன்றே ஒன்றுதான்: அடி விழுந்தாலும் கை நிற்கக் கூடாது. அழுதுகொண்டாவது ஆவர்த்தனச் சுற்றை முடித்துவிட்டுத்தான் நிறுத்த வேண்டும். என் கணவர் சேனாபதி கரண்டிச் சத்தம் கேட்டதும் எழுந்து கராஜுக்குப் போய்விடுவார், அங்கே அவருக்கு எப்போதும் ஏதாவது வேலை இருக்கும். அடிக்காமல் யார் பிள்ளை வளர்த்தார்கள்? என்னையும் அப்படித்தான் வளர்த்தார்கள். பெண்ணுக்குத் தாளம் நின்றுவிட்டது, அதுதான் முக்கியம் என்று இருந்தேன்.

இந்த வருஷம் அந்த முதல் ஆல்பத்துக்குப் பத்து வயது. அதைக் கொண்டாட அமெரிக்காவில் நியூ ஜெர்சி, நாங்கள் இருக்கிற பே ஏரியா, டெக்ஸாஸ் என்று மூன்று இடங்களில் நிகழ்ச்சி. ரோரி, ஹெட்டி இரண்டு பேரும் எப்போதோ விலகிவிட்டார்கள். இசைக் கருத்து வேறுபாடு என்று பத்திரிகையில் போட்டிருந்தது. அவர்கள் இடத்தில் சம்பளத்துக்கு இரண்டு பேர் வாசித்தார்கள். பழைய ஆள் என்று மிச்சம் இருந்தது கேலமும் அஞ்சனாவும்தான். நான் மூன்று ஊருக்கும் டிக்கெட் எடுத்தேன்.

நியூ ஜெர்சியில் பிஸ்கட்டவேயில் ஜோசபின் வீட்டில் தங்கினேன். முன்பு மில்பிடாஸில் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்தவள், நாகர்கோவில்காரி, காது மூக்கு தொண்டை டாக்டர். நிகழ்ச்சியன்று மத்தியானம் அஞ்சனாவையும் கேலமையும் சாப்பிடக் கூப்பிட்டோம். வாசலிலேயே ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தான் கேலம். என்னை "அம்மா" என்று கூப்பிட்டான். ஜோசபின் வைத்த மீன் குழம்பைக் கையால் பிசைந்து, கண்ணில் தண்ணீர் வர வர, இன்னும் கொஞ்சம் என்று கேட்டுச் சாப்பிட்டான். இப்படி ஒரு மருமகன் வாய்த்தால் என்ன என்றுகூட எனக்குத் தோன்றியது. மீனில் நடுத்துண்டாகப் பார்த்து அவன் தட்டில் வைத்தேன்.

அஞ்சனா யார் பேசினாலும் தலையைத் திருப்பி வலது காதைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் கவனிக்கவில்லை. ஜோசபின் கவனித்தாள். புடவை காட்டுகிறேன் என்று அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். பத்து நிமிஷம் கழித்து வந்து என்னைப் படுக்கையறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"அக்கா, சத்தம் போடாதீங்க. பிள்ளைக்கு இடது காது சவ்வுல ஓட்டை இருக்கு. பக்கத்துல ஆறின தழும்பும் இருக்கு. ஒண்ணு இல்ல, ரெண்டு மூணு தடவை கிழிஞ்சிருக்கு."

"ஸ்பீக்கர் பக்கத்துலயே நிக்கிறா ஜோசபின். அந்தச் சத்தத்துல ஆகாதா?"

"சத்தத்துல நரம்புதான் போகும், சவ்வு இப்படிக் கிழியாது. விரிச்ச கையால காதோட சேத்து அறைஞ்சா இப்படிக் கிழியும். எங்கிட்ட வர்ற கேஸ்ல மாசத்துக்கு ஒண்ணாவது இத பாக்கேன்."

கதவைத் திறந்து பார்த்தேன். கேலம் சிங்க்கில் எல்லோருடைய தட்டையும் கழுவிக்கொண்டிருந்தான். வாயில் ஏதோ மெல்லிசான பாட்டு.

நிகழ்ச்சிக்குப் போகிற வழியில் காரில் அஞ்சனாவிடம் தனியாகக் கேட்டேன். ரிகர்சலில் ஒரு மைக் ஸ்டாண்டு சரிந்து காதில் விழுந்தது என்றாள். "டோண்ட் பி ட்ரமாட்டிக், அம்மா. ப்ளீஸ்." நான் நம்பினேனா? நம்பவில்லை. ஆனால் அன்றைக்கு நிகழ்ச்சி, எனக்கு முதல் வரிசை, பக்கத்தில் இருந்தவர்களிடம் பேஸ் வாசிக்கிறது என் பெண் என்று ஏற்கெனவே சொல்லியாயிற்று. மனசை ஒரு மூலையில் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தேன். 'ஸ்பேர் பட்டன்' வந்தது. மூன்று தட்டு, பிறகு நாலாவது. ஆயிரம் பேரோடு சேர்ந்து நானும் தட்டினேன். இதை எழுதும்போது என் கையை வெட்டிப் போட்டால் என்ன என்றிருக்கிறது.

அடுத்த வாரம் பே ஏரியா. அஞ்சனா இரண்டு நாள் முன்னதாகவே மில்பிடாஸ் வீட்டுக்கு வந்துவிட்டாள். வரும்போது பத்தாண்டு விழாவுக்காக விற்கிற பெட்டி ஒன்றை அப்பாவுக்குக் கொண்டுவந்தாள். அதில் அந்தப் பாட்டின் ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனித் தடமாகப் பிரித்துக் கொடுத்திருந்தது. ரசிகர்கள் பிரித்துப் பிரித்துக் கேட்டு ரசிக்கலாமாம். அடிக்கடி தாளம் பற்றி அவளைக் கிண்டல் செய்கிறேனே, அந்த நாலாவது தட்டு எவ்வளவு முன்னால் விழுகிறது என்று சரியாக அளந்து பார்த்துவிடலாம் என்று, மறுநாள் லஞ்ச் நேரத்தில் ஆபீஸ் லேபில் உட்கார்ந்து அதைத் திறந்தேன்.

கைதட்டல் என்று பெயர் போட்ட தடத்தில் மூன்றே தட்டு இருந்தது. நாலாவது இல்லை. இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தேன், மூன்றுதான். டிரம்ஸ் தடத்தில் தேடினேன், இல்லை. குரலில் இல்லை. கிதாரில் இல்லை. கடைசியாக பேஸ் தடத்தைத் திறந்தேன்.

அங்கே இருந்தது. பேஸ் கிதாரின் ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் வைத்த மைக்கில் பதிவாகியிருந்தது. ஸ்க்ரீனில் அந்த அலை மற்ற மூன்றைப்போல இல்லை. அவை இரண்டு உள்ளங்கை சேர்கிற சத்தம், குழிவாக, பஞ்சு வைத்ததுபோல இருந்தன. இது சப்பட்டையான, ஈரமான ஒரே வெட்டு. வால்யூமைக் கூட்டினேன். அறை. அதன் பின்னால் மூச்சை உள்ளே இழுக்கிற ஒரு சின்னச் சத்தம். அந்த மூச்சு எனக்குத் தெரியும். அவளுடைய ஐந்து வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். பேஸ் மட்டும் ஒரு இம்மிகூட நிற்கவில்லை, அடுத்த அடியில் சரியாக வந்து இறங்கியது.

லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு எப்படி டிரைவ் பண்ணி வந்தேன் என்று தெரியாது. அஞ்சனா சமையலறை மேடையில் சாய்ந்து தயிர் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சேனாபதி மேஜையில் இருந்தார். லேப்டாப்பைத் திறந்து அந்த ஒரு துண்டை மட்டும் போட்டேன். அறை, மூச்சு, பேஸ். அறை, மூச்சு, பேஸ். மூன்றாவது தடவை அவள் ஸ்பூனை வைத்துவிட்டாள்.

"எப்பத்துலேருந்துடி?"

அவள் எப்போதும்போல இங்கிலீஷில்தான் சொன்னாள். பதிவு செய்கிற அன்று பதினாலாவது தடவையாக அதே இடத்தில் அவள் கொஞ்சம் முந்திவிட்டாளாம். பக்கத்தில் நின்ற கேலம் கையை ஓங்கி இடது காதோடு சேர்த்து அறைந்தான். அவள் வாசிப்பை நிறுத்தவில்லை. பாட்டு முடிந்ததும் போட்டுக் கேட்டால் அந்தத் தடவைதான் மற்ற எல்லாவற்றையும்விட நன்றாக இருந்தது. உயிர் இருக்கிறது என்றான் கேலம். எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். அறை விழுந்த இடத்தை அழிக்க முடியாததால், அதற்கு முன்னால் மூன்று கைதட்டலைப் பிற்பாடு சேர்த்து அதையும் கைதட்டலாக ஆக்கிவிட்டார்கள்.

"அதோட விட்டானா?"

விடவில்லை. பாட்டு ஓடிவிட்டதால் அது ராசி ஆகிவிட்டது. பத்து வருஷமாக ஒவ்வொரு நிகழ்ச்சிக்கு முன்னாலும், மேடை ஏறும் முன், கிதாரை மாட்டிக்கொண்டதும், கேலம் அவளுக்கு ஒன்று கொடுப்பான். டெம்போ பிடிக்க, தாளத்தின் வேகம் நிற்க என்பான். நிகழ்ச்சி நன்றாகப் போகாவிட்டால் இறங்கியதும் இன்னொன்று. ரோரி விலகியது இசைக் கருத்து வேறுபாடு இல்லை. கேலம் கெட்டிலைத் தூக்கி எறிந்து அவன் புருவத்தில் ஏழு தையல். ஹெட்டியின் விரலைக் கீபோர்டுப் பெட்டியின் மூடியில் வைத்து நசுக்கியிருக்கிறான். ஃபிரிட்ஜ் கதவில் நான் ஒட்டிவைத்திருந்த ஒவ்வொரு பத்திரிகைத் துண்டையும் காட்டி, இது கெட்டில், இது மூடி, இந்த வருஷம் என் விலா எலும்பு என்று சொல்லிக்கொண்டே போனாள். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

சேனாபதி நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். கராஜ் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

"அறை வாங்கிட்டு எப்படிடி வாசிச்சிட்டு இருந்த? நீ ஏன் நிறுத்தல? கிதாரத் தூக்கி அவன் மண்டையில போட வேண்டாமா?"

அவள் என்னையே பார்த்தாள். "யூ ஆர் ஆஸ்கிங் மீ தட்?" என்றாள். "யூ?"

எனக்கு அப்போது அது விளங்கவில்லை. வாய் ஓயாமல் கத்திக்கொண்டிருந்தேன். போலீஸ், வக்கீல், இன்றே விடு என்று என்னென்னவோ சொன்னேன். டெக்ஸாஸோடு ஒப்பந்தம் முடிகிறது, அதோடு விலகிவிடுகிறேன், அதுவரை ஒன்றும் செய்யாதே என்று சத்தியம் வாங்கினாள். இன்னும் ஒரு அறை விழுந்தால் அந்தக் காது அவ்வளவுதான், அப்புறம் கேட்கவே கேட்காது என்று ஜோசபின் போனில் சொல்லியிருந்தாள். பே ஏரியா நிகழ்ச்சியன்று மேடைக்குப் பின்னால் அவளை விட்டு அங்குலம் நகராமல் நின்றேன். கேலம் என்னைப் பார்த்து "அம்மா" என்று சிரித்துவிட்டுப் போனான். அன்றைக்கு அறை விழவில்லை. பாட்டு நன்றாக அமையவில்லை என்று ரசிகர்கள் எழுதினார்கள்.

அந்தக் குறையையும் சேர்த்து அடுத்த இடத்தில் அவளுக்கு விழும் என்று தெரிந்தது, அதனால் டெக்ஸாஸுக்கும் போனேன். அங்கே போவதை அவளிடம் சொல்லவில்லை.

கடைசி நாள் பிளானோவில் இசைத்தட்டு விற்கிற ஒரு ரெக்கார்டு கடையில் மத்தியானம் மூன்று மணிக்குச் சின்ன நிகழ்ச்சி. டோல்வேயிலிருந்து இறங்கினதும் ஒரு ஸ்ட்ரிப் மால். வரி ஆபீஸ், புருவம் திருத்துகிற கடை, இந்திய மளிகை, அதற்கு அடுத்து ரெக்கார்டு கடை. முன்வாசலில் ரசிகர்கள் வெயிலில் வரிசையாக நின்றார்கள். எல்லோருக்கும் அந்த வெயிலிலும் பின்னல் ஸ்வெட்டர். நான் மளிகைக் கடைக்குள் போனேன். ஊதுபத்தி வாசனை, யாரோ முருங்கைக்காயை ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாத்திர வரிசையில் மரக் கரண்டியைத்தான் முதலில் எடுத்தேன். அது லேசாக இருந்தது. வைத்துவிட்டுப் பூரிக்கட்டையை எடுத்தேன். கல்லாவில் இருந்த பெண் பை வேண்டுமா ஆண்ட்டி என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

கடைகளின் பின்பக்கம் குப்பைத் தொட்டிகளும் சரக்கு இறக்குகிற கதவுகளுமாக ஒரு சந்து. அங்கே வேன் நின்றது. அஞ்சனா கிதாரை மாட்டிக்கொண்டு வேனில் முதுகு சாய்த்து நின்றாள். கண்ணை மூடியிருந்தாள். எதிரே கேலம். ஸ்வெட்டர் கையை முழங்கை வரை நிதானமாகச் சுருட்டிக்கொண்டிருந்தான். ஒருவேளை சும்மா பேசிக்கொண்டிருக்கிறார்களோ என்று எனக்கு ஒரு நொடி ஆசையாக இருந்தது. அதற்குள் அவன் கை போய் வந்துவிட்டது. நேரில் கேட்டால் அந்தச் சத்தம் பாட்டில் கேட்பதைவிடச் சின்னது. அஞ்சனாவின் தலை வேன் கதவில் மோதித் திரும்பியது. காதிலிருந்து மெல்லிசாக ரத்தம் கழுத்துக்கு இறங்கியது. அவள் கிதாரைச் சரிசெய்துகொண்டாள்.

நான் கத்தவில்லை. நேராக நடந்துபோய், அறைந்த அந்தக் கையின் மணிக்கட்டில் போட்டேன். எலும்பு முறிந்தது கட்டை வழியாக என் கைக்குத் தெரிந்தது. அவன் திரும்பி என்னைப் பார்த்து "அம்மா?" என்றான். அதே வாய். மூக்கில் போட்டேன். ரத்தம் பீறிட்டு ஸ்வெட்டர் முழுக்க இறங்கியது, அவன் குப்பைத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு முட்டி போட்டான். மூன்றாவதைத் தோளில் போட்டேன். அவன் அலறினான், ரகசியக் குரல் எல்லாம் எங்கோ போய்விட்டது, பன்றி மாதிரி அலறினான். எனக்கு எவ்வளவு இனிப்பாக இருந்தது தெரியுமா? கையை ஓயவிடவே மனசு வரவில்லை. அப்போதுதான் என் வாய் எண்ணிக்கொண்டிருப்பது எனக்கே கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவதற்கு மண்டையைக் குறிபார்த்துக் கட்டையை ஓங்கினேன். அது விழுந்திருந்தால் இன்றைக்கு நான் சிறையில் இருப்பேன், அவன் மண்ணுக்குள் இருப்பான்.

ஓங்கின கையோடு அஞ்சனாவைப் பார்த்தேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேனோ என்னவோ.

அவள் கேலமைப் பார்க்கவில்லை. என் கையில் இருந்த கட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடது கையை விரித்துத் தன் இடது தொடையை மூடியிருந்தாள். வலது கை வலது தொடைமேல் இருந்தது. அதன் கட்டை விரல், சுண்டு விரலைத் தொட்டது, மோதிர விரலைத் தொட்டது, நடு விரலைத் தொட்டது. பிறகு ஒரு தட்டு. ஒரு வீச்சு. முப்பது வயதுப் பெண், காதில் ரத்தத்தோடு, டெக்ஸாஸில் ஒரு குப்பைச் சந்தில் நின்று ஆதி தாளம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் நிறுத்தலம்மா," என்றாள். வருஷக்கணக்கில் எனக்குத் தமிழில் பதில் சொல்லாதவள், சின்னப் பிள்ளைக் குரலில் தமிழில் சொன்னாள். "நிறுத்தலம்மா. நிறுத்தல."

கட்டை என் கையிலிருந்து நழுவி விழுந்து வேனுக்கடியில் உருண்டு போனது. நாலாவது தட்டு விழவில்லை.

கடையின் பின்பக்கக் காமிராவில் அவன் அடித்ததும் நான் அடித்ததும் ஒன்றன்பின் ஒன்றாகப் பதிவாகியிருந்தன. ஜோசபின் பத்து பக்கத்துக்கு மெடிக்கல் ரிப்போர்ட் எழுதிக் கொடுத்தாள். வக்கீல் பேசிப் பேசி எனக்கு ஜெயிலுக்குப் பதிலாக இரண்டு வருஷம் ப்ரொபேஷன் வாங்கிக் கொடுத்தார். நல்லவேளை சிட்டிசன்ஷிப் வாங்கியிருந்தேன், க்ரீன் கார்டில் இருந்திருந்தால் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். கேலம் மேல் தனி வழக்கு நடக்கிறது, ரோரியும் ஹெட்டியும் சாட்சி சொல்ல வருகிறார்கள். மார்கேட் லாண்ட்ரி முடிந்தது. இன்டர்நெட்டில் பாதிப்பேர் என்னை வீரத்தாய் என்று எழுதினார்கள். அதைப் படித்துவிட்டு யாராவது போன் செய்தால் நான் எடுப்பதில்லை. என் பெண்ணை முதலில் அடித்தது அவன் இல்லை. அடி வாங்கினாலும் நிறுத்தாதே என்று பழக்கி அவன் கையில் கொடுத்தது நான். அவன் அந்தப் பாட்டில் விற்றது என் கைவேலையைத்தான். உடைந்தது ஏன் உடைந்தது என்று கண்டுபிடிக்கிறவளுக்கு இது தெரிய இருபத்தைந்து வருஷம் ஆயிற்று.

அஞ்சனா பிஸ்கட்டவேயில் ஜோசபின் வீட்டு மாடியில் இருக்கிறாள். காதில் ஆபரேஷன் ஆகிவிட்டது, பாதி கேட்கிறதாம். வாரத்துக்கு ஒரு தடவை அப்பாவிடம் பேசுவாள். நன்றாக இருக்கிறாயா என்று நான் பின்னாலிருந்து கேட்டால், இருக்கிறேன் என்பாள். சேனாபதி ஒருநாள் போனை வைத்துவிட்டு, "நானும் அன்னிக்கெல்லாம் கராஜுக்குப் போயிருக்கக் கூடாது," என்றார். ஆமாம் என்றேன்.

நவம்பர் கடைசியில் தேங்க்ஸ்கிவிங் லீவுக்கு வந்தாள். ஏர்போர்ட்டிலிருந்து சேனாபதி டிரைவ் பண்ண, நாங்கள் இரண்டு பேரும் பின்சீட்டில். அவளாகத்தான் என் பக்கத்தில் ஏறிக்கொண்டாள், எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. ஃப்ரீவேயிலிருந்து இறங்குகிற இடத்தில் சிக்னல் விழுந்து கார் நின்றது. இண்டிகேட்டர் டிக், டிக், டிக் என்று சீராக அடித்தது. ஐம்பது வருஷப் பழக்கம், என் கை தானாக எழுந்து தொடைமேல் ஒரு தட்டு தட்டியது.

அஞ்சனா பேசிக்கொண்டிருந்ததை நிறுத்தவில்லை. அப்பாவிடம் ஏதோ ஃப்ளைட் தாமதத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே தன் காலை மட்டும் மெல்லக் கதவுப் பக்கம் நகர்த்திக்கொண்டாள். நகர்த்தியது அவளுக்கே தெரிந்திருக்காது. வீடு வரும்வரை நான் என் கையை என் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தேன்.